‘விரைவில்’ என்றால் எந்தத் தேதி? ஊர் வானொலிப் பேட்டி பற்றி வாசகர் கேள்விகள்

சமுதாய வானொலிகளில் ஊர் விஷயங்களைப் பேட்டியாக எடுத்து ஒலிபரப்புபவர்களும், அந்த வேலையில் புதிதாக இறங்கியிருப்பவர்களும் கேட்ட கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: எங்கள் ஊர் சமுதாய வானொலியில் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறேன். “நாம் செய்தி ஒலிபரப்பக் கூடாது” என்கிறார்கள். அப்படியானால் குடிநீர், சாலை, ரேஷன் கடை பற்றியெல்லாம் பேட்டி எடுக்கவே முடியாதா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: எடுக்கலாம். எந்த இடத்தில் கோடு கிழித்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பயமில்லாமல் எடுக்கலாம்.

அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. அதன் பிறகு 2002-இல் கல்வி நிறுவனங்களுக்கும், 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய வானொலி நடத்த வழி திறந்தது. சென்னையின் அண்ணா எஃப்எம் 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கி, நாட்டின் முதல் வளாக வானொலி ஆனது. ஆனால் அனுமதி கொடுத்தபோதே செய்தி, நடப்பு விவகாரம், அரசியல் மூன்றையும் விலக்கிவிட்டார்கள். ஆகாசவாணியின் செய்தியை அப்படியே எடுத்தோ, வட்டார வழக்கில் மொழிபெயர்த்தோ ஒலிபரப்பலாம். சொந்தமாகச் செய்தி தயாரிக்கக் கூடாது.

அதே விதியில், எவையெல்லாம் செய்தி அல்ல என்றும் ஒரு வரிசை இருக்கிறது: போக்குவரத்து, வானிலை, திருவிழா, கலை நிகழ்ச்சிகள், தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, பிறகு உள்ளாட்சி நிர்வாகம் தரும் மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம், சுகாதார எச்சரிக்கை போன்ற பொது அறிவிப்புகள். இவற்றோடு விவசாயம், மீன்பிடி, கல்வி, சுகாதாரம், அரசுத் திட்டங்களை எப்படிப் பெறுவது ஆகிய வளர்ச்சி நிகழ்ச்சிகளையும் சேர்த்துக்கொண்டால், ஊரில் ஒரு குடும்பத்துக்கு அன்றாடம் தேவைப்படுவது முக்கால்வாசி உள்ளே வந்துவிடும்.

ஓர் உதாரணம். “நேற்றைய கிராம சபையில் தலைவரை மக்கள் முற்றுகையிட்டனர்” என்பது செய்தி. அதை விட்டுவிடுங்கள். “கிராம சபையில் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை எப்படிக் கேட்பது? பதிவேட்டில் உங்கள் கோரிக்கையைத் தீர்மானமாக எழுத வைப்பது எப்படி?” என்று ஊராட்சிச் செயலரிடமும், விவரம் தெரிந்த ஓர் உறுப்பினரிடமும் எடுக்கும் பேட்டி வளர்ச்சி நிகழ்ச்சி. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் முன்னதாக இப்படி ஒரு பேட்டி போட்டாலே ஆண்டுக்கு ஆறு நிகழ்ச்சி ஆயிற்று.

நாட்டில் சுமார் 500 சமுதாய வானொலிகள் இருக்கும் நிலையில், தன் ஊராட்சியின் தீர்மானத்தைக்கூட ஒரு ஊர் வானொலி செய்தியாகச் சொல்லக் கூடாது என்பது நியாயமில்லாத தடை. அது நீங்கத்தான் வேண்டும். நீங்கும்வரை, உங்கள் நிலையத்தின் அனுமதி ஒப்பந்தத்தில் இந்த விதி உள்ள பக்கத்தை நகலெடுத்து ஸ்டுடியோச் சுவரில் ஒட்டி வையுங்கள். சந்தேகம் வரும்போதெல்லாம் அதைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

கேள்வி: எந்த அதிகாரியைப் பேட்டி எடுத்தாலும் “உரிய நடவடிக்கை எடுக்கப்படும்”, “விரைவில் சரிசெய்யப்படும்” என்ற பதில்தான் கிடைக்கிறது. அரை மணிநேரம் பதிவுசெய்தாலும் நேயருக்குச் சொல்ல ஒன்றும் தேறுவதில்லை. என்ன செய்வது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இது எல்லா நிலையங்களிலும் உள்ள குறை. பாதிக் காரணம் கேள்வியில் இருக்கிறது. “குடிநீர்ப் பிரச்சினை பற்றி உங்கள் கருத்து என்ன?” என்று கேட்டால் கருத்துதான் வரும். கருத்துக்கு ‘விரைவில்’ போதும். “எத்தனை”, “எந்த”, “யாரிடம்”, “எதுவரை” என்று தொடங்கும் கேள்விக்கு அந்தச் சொல் பதிலாகாது.

முதலில் தயாரிப்பு. அதிகாரியிடம் போவதற்கு முன் அந்தத் தெருவுக்குப் போங்கள். மூன்று வீடுகளில் கேளுங்கள்: கடைசியாகத் தண்ணீர் வந்தது எந்தக் கிழமை, எத்தனை குடம் பிடித்தீர்கள், யாரிடம் புகார் சொன்னீர்கள், மனு ரசீது இருக்கிறதா? இந்த நான்கையும் தேதியோடு நோட்டில் குறித்துக்கொண்டு போகும்போது உரையாடலின் தன்மையே மாறிவிடும். திட்ட மதிப்பீடு, பணி ஆணை போன்ற காகிதம் தேவை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். பதிலுக்கு 30 நாள் கெடு. ஆகவே, அடுத்த மாதத்துப் பேட்டிக்கு இந்த மாதமே எழுதிப் போட வேண்டும்.

பேட்டியில் எப்படிக் கேட்பது என்பதற்கு ஒரு மாதிரி:

“நாலாவது வார்டுல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா விடுறீங்க சார்?”
“இப்போதைக்கு எட்டு நாளைக்கு ஒரு முறை.”
“முன்ன எப்படி இருந்துச்சுங்க?”
“நாலு நாளைக்கு ஒரு முறை. மோட்டார் பழுது. விரைவில் புது மோட்டார் பொருத்தப்படும்.”
“புது மோட்டாருக்கு டெண்டர் விட்டாச்சுங்களா, இல்ல இனிமேத்தானா?”
“மதிப்பீடு அனுப்பியிருக்கோம். ஒப்புதல் வரணும்.”
“ஒப்புதல் எந்த ஆபீஸ்லேர்ந்து வரணும் சார்?”
(அதற்குப் பதில் வந்ததும்) “வந்தப்புறம் பொருத்த எத்தனை நாள் ஆகும்?”

கடைசி இரண்டு கேள்விகளில்தான் பேட்டி உயிர் பெறுகிறது. தேதி சொல்லத் தயங்குகிறவரிடம், வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். அரசு வேலைக்கு மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று படிகள் உண்டு. எந்தப் படியில் நிற்கிறது என்பதைச் சொல்ல எந்த அதிகாரிக்கும் தயக்கம் இருக்காது. அது கோப்பில் உள்ள விஷயம். அது தெரிந்தால் அடுத்து யார் அலுவலகத்துக்கு மனு கொடுக்க வேண்டும் என்பது வார்டு மக்களுக்குத் தெரிந்துவிடும். இடைக்கால ஏற்பாட்டையும் கேட்க மறக்காதீர்கள்: லாரித் தண்ணீர் வருமா, எந்த நேரம், எந்த முனையில் நிற்கும்?

குரலை உயர்த்த வேண்டியதே இல்லை. “சார்”, “மேடம்” என்றே பேசுங்கள். ஒரு கேள்விக்குப் பதில் வராவிட்டால் அதையே மரியாதை குறையாமல் வேறு சொற்களில் இரண்டாம் முறை கேளுங்கள். அப்போதும் வராவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டு முறை கேட்டும் பதில் வரவில்லை என்பது நேயருக்கே காதில் விழுந்துவிடும். மூன்றாம் முறை கேட்டால் அது சண்டை.

இரண்டு கேள்விகளை ஒரே மூச்சில் கேட்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. “எப்போது முடியும், அதுவரை என்ன ஏற்பாடு?” என்று கேட்டால் எளிதான பாதிக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

கேள்வி: கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், கரூர்

பதில்: தலைப்பையும், என்னென்ன புள்ளிவிவரம் தேவைப்படும் என்பதையும் கொடுங்கள். அது அவர்களுக்கும் உதவி, உங்களுக்கும் சரியான எண் கிடைக்கும். கேள்விகளைச் சொல்லுக்குச் சொல் எழுதிக் கொடுத்தால் பதிலும் எழுதி வைத்துப் படிக்கப்படும். அலுவலகக் குறிப்பைப் படிக்கும் குரலை ஒரு நிமிடத்துக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: அரசு அலுவலகத்திலும் பள்ளியிலும் எடுத்த பேட்டிகளில் ‘ஹ்ம்’ என்று ஓர் இரைச்சலும், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒரு எதிரொலியும் வருகிறது. ரெக்கார்டர் நன்றாகத்தான் இருக்கிறது. வாங்கிய மைக் சரியில்லையா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: மைக்கின் மேல் பழி போட வேண்டாம். அறையும் தூரமும்தான் காரணம்.

வாயிலிருந்து மைக் இருக்கும் தூரம் இரண்டு மடங்கானால் குரலின் அளவு 6 டெசிபல் குறைந்துவிடும். ஆனால் அறையின் எதிரொலி, மின்விசிறிச் சத்தம் இரண்டும் எங்கே வைத்தாலும் ஏறக்குறைய அதே அளவில்தான் பதிவாகும். மேசை நடுவில் ரெக்கார்டரை வைத்துவிட்டுப் பேசும்போது குரல் 80, 90 சென்டிமீட்டர் தள்ளிப் போகிறது. குரல் சின்னது, அறை பெரியது. பிறகு கணினியில் ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடும். மைக்கைக் கையில் பிடித்து, பேசுபவரின் வாயிலிருந்து 15 சென்டிமீட்டரில், அதாவது கட்டைவிரலை நீட்டிய கைமுட்டி அளவு தூரத்தில் வையுங்கள். வாய்க்கு நேர் எதிரே இல்லாமல் மோவாய்ப் பக்கம் சற்று ஒதுக்கிப் பிடித்தால் ‘ப’ வரும் இடங்களில் மூச்சு மோதி ‘டொப்’ என்று அடிக்காது. கேள்வி கேட்கும்போது மைக் உங்கள் பக்கம், பதிலுக்கு அவர் பக்கம். கை வலிக்கும், பழகிவிடும். மைக்கை ஒருபோதும் விருந்தினர் கையில் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் பேட்டியை நடத்துபவர் அவர்தான்.

சத்தங்கள். மின்விசிறி, ஏசி, பழைய குழல்விளக்கின் சோக், யுபிஎஸ் பெட்டி ஆகிய நான்கும்தான் பெரும்பாலான அலுவலக இரைச்சலுக்குக் காரணம். அறைக்குள் போனதும் பத்து விநாடி ஹெட்போனைப் போட்டுக்கொண்டு பேசாமல் நில்லுங்கள். காது பழக்கத்தில் ஒதுக்கிவிடும் சத்தத்தை ஹெட்போன் காட்டிக்கொடுக்கும். “பத்து நிமிஷம் மட்டும் ஃபேனை நிறுத்திக்கலாமா சார்?” என்று கேட்டால் மறுப்பவர்கள் மிகக் குறைவு. சித்திரை வெயிலில் நிறுத்த முடியாது என்றால் விசிறிக்கு நேர் கீழே உட்காராமல் ஓரத்துக்கு வாருங்கள். காற்று நேராக மைக்கில் பட்டால் எழும் ‘புர்ர்’ சத்தத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் எடுக்க முடியாது. ரெக்கார்டரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் லோ கட் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் அதிலேயே பெரும்பாலும் போய்விடும்.

எதிரொலிக்கு இடம் மாறுவதே மருந்து. சுண்ணாம்புச் சுவரும் சிமென்ட் தரையும் உள்ள வகுப்பறையைவிட, கோப்புகள் அடுக்கிய ரெக்கார்டு அறை நன்றாக இருக்கும்; காகிதக் கட்டுகள் ஒலியை வாங்கிக்கொள்ளும். நிறுத்தி வைத்த காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பதிவுசெய்வதும் நல்லது. வெளியில் மரத்தடி இன்னும் நல்லது, காற்று மட்டும் அதிகமாக இருக்கக் கூடாது. மைக்குக்கு நுரை உறை கட்டாயம்.

அளவுகள்: வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒற்றை மைக் என்றால் மோனோ போதும். ஒரு மணிநேரத்துக்கு அரை ஜிபி ஆகும். பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். சிரிப்பு, கோபம் வரும்போது திடீரென்று ஏறும். சுழியத்தைத் தொட்டால் ஒலி உடைந்துவிடும், அதைச் சரிசெய்யவே முடியாது. குறைவாகப் பதிவானதைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். தானியங்கி அளவு முறையை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் அவர் யோசிக்கும் இடைவெளியில் எல்லாம் இரைச்சல் மேலே எழும்பி வரும்.

எல்லாருடைய போனையும், உங்களுடையதையும் சேர்த்து, ஏர்பிளேன் முறையில் போடுங்கள். சைலன்ட் போதாது. அழைப்பு வரும்போது ‘டிட்-டிட்-டிட்’ என்று மைக் வயரில் ஏறும். புதிய பேட்டரி, மாற்றுப் பேட்டரி, காலியான மெமரி கார்டு ஆகியவற்றைக் கிளம்பும் முன் பையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் 30 விநாடி அந்த அறையின் சத்தத்தை மட்டும் பதிவுசெய்துகொள்ளுங்கள். எடிட் செய்யும்போது வெட்டிய இடங்களில் இட்டு நிரப்ப அது வேண்டும். சுத்தமான மௌனத்தை இடையில் வைத்தால் ரேடியோ நின்றுவிட்டதோ என்று நேயருக்குத் தோன்றும்.

கேள்வி: போன் மூலம் எடுக்கும் பேட்டியில் குரல் மங்கலாக இருக்கிறது. எண்களைச் சொன்னால் பல நேரம் தவறாகக் கேட்கிறது.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: சாதாரண தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ‘ச’, ‘ஸ’ போன்ற சீறும் ஒலிகளின் கூர்மை அதற்கு மேலே இருக்கிறது, அது வெட்டுப்படுகிறது. அதனால்தான் சொற்கள் தெளிவில்லாமல் கேட்டுக் குழப்பம் வருகிறது.

நேரலையாக இல்லாவிட்டால் எளிய வழி உண்டு. நீங்கள் போனில் பேசிக்கொண்டே இருங்கள். பேட்டி தருபவர் பக்கத்தில் இன்னொரு போன் இருந்தால் அதன் ரெக்கார்டரை ஓடவிட்டு, வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். வாய்ஸ் மெசேஜாக அனுப்பினால் சுருக்கிவிடும். உங்கள் கேள்விகளை நீங்கள் ஸ்டுடியோ மைக்கில் பதிவுசெய்து வைத்திருப்பீர்கள். இரண்டையும் கணினியில் வரிசையில் பொருத்த, தொடக்கத்தில் இருவரும் “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணிக் கைதட்டிக்கொள்ளுங்கள்.

எண்ணை நேயருக்குச் சொல்லும்போது இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் “ஒன்று, சைபர், ஏழு, ஏழு”. இரண்டு முறை, இடையில் நிறுத்தி. பேனா தேட நேரம் வேண்டுமல்லவா!

கேள்வி: எங்கள் பகுதிப் பெண்கள் நன்றாகப் பேசுவார்கள். மைக்கைக் கண்டதும் “அது வந்துங்க…” என்று நிறுத்திவிடுகிறார்கள். சிலர் பள்ளிப் பாடம் ஒப்பிப்பதுபோல எழுத்துத் தமிழில் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.
– வாசகி, சத்தியமங்கலம்

பதில்: அவர்கள் பேசும் தமிழ் வானொலிக்குத் தகாது என்று யாரோ நினைக்க வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணத்தைப் போக்குவது உங்கள் முதல் வேலை. நீங்கள் ஸ்டுடியோத் தமிழில் கேட்டால் அவர்களும் அதையே தேடுவார்கள். உங்கள் வட்டாரப் பேச்சிலேயே கேளுங்கள். சமுதாய வானொலி பெரும்பாலும் உள்ளூர் மொழியிலும் வழக்கிலும் இருக்க வேண்டும் என்றுதான் விதியே சொல்கிறது.

மைக்கை உடனே நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். பிறகு ஒலியின் அளவு பார்ப்பதற்காக, பதிலில் தயங்க வாய்ப்பில்லாத ஒன்றைக் கேளுங்கள்: “பஸ் ஸ்டாப்புல இருந்து உங்க வீட்டுக்கு எப்படி வரணும்ங்க்கா, வழி சொல்லுங்க.” வழி சொல்லும்போது யாருக்கும் எழுத்துத் தமிழ் வராது. இயல்பான குரல் வந்ததும் நிறுத்தாமல் அப்படியே விஷயத்துக்குள் போய்விடுங்கள்.

இரண்டாவது, இடம். வாசலில் நின்றால் கூட்டம் கூடும். மாமனாரோ கணவரோ பக்கத்தில் வந்து “அவளுக்கு என்ன தெரியும், நான் சொல்றேன்” என்பார். முதலில் அவருடைய பேட்டியைத் தனியாக முழுதாக எடுத்துவிடுங்கள். அவர் மனம் நிறைந்து நகர்ந்ததும், அடுக்களைப் பக்கமோ கிணற்றடியிலோ போய் உட்காருங்கள். அவர் தரையில் இருந்தால் நீங்களும் தரையில். நூறு நாள் வேலைக் கூலி எந்தத் தேதி ஏறியது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்தக் கிழமை டாக்டர் இல்லை என்பதெல்லாம் அங்கேதான் துல்லியமாகக் கிடைக்கும்.

அவர் பேசும்போது “ம்ம்… சரிங்க… ஆமாங்க” என்று குரல் கொடுக்காதீர்கள். அவர் குரலின் மேல் உங்கள் குரல் ஏறிவிட்டால் வெட்ட முடியாது. தலையை ஆட்டுங்கள், கண்ணைப் பாருங்கள். பதில் முடிந்ததுபோலத் தோன்றினாலும் மூன்று விநாடி பேசாமல் காத்திருங்கள். உண்மையான விஷயம் பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும்.

அவரைத் திருத்த வேண்டாம். நேயருக்குப் புரியாத சொல் ஏதேனும் இருந்தால் பிறகு தொகுப்புரையில் ஒரு வரியில் விளக்கிவிடலாம். எளிய மக்கள் தங்களைப் போன்றவர்களின் குரலைத்தான் நம்புவார்கள். தஞ்சை வட்டாரத்தில் 1960-களில் ஏடிடி 27 நெல் பரவியபோது, வானொலியில் கேட்டுப் பயிரிட்டதால் விவசாயிகள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். நேயரின் பேச்சிலேயே போய்ச் சேர்ந்த தகவலுக்கு அவ்வளவு பலம்.

கேள்வி: 40 நிமிடப் பதிவை 12 நிமிடமாகக் குறைக்க ஒரு நாள் முழுக்க ஆகிறது. எங்கே வெட்டுவது என்றே தெரியவில்லை.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: கணினியைத் திறப்பதற்கு முன் காகிதத்தில் வெட்டுங்கள். ஒருமுறை முழுதாகக் கேட்டு, நிமிடம், விநாடி, ஒரு வரிச் சாரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘07:40 – மோட்டார் பழுது, மதிப்பீடு அனுப்பியது’ என்ற அளவு போதும். பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: இதைக் கேட்டு நேயர் எதையாவது செய்ய முடியுமா, அல்லது புதிதாகத் தெரிந்துகொள்கிறாரா? இரண்டும் இல்லாவிட்டால் அடித்துவிடுங்கள். வணக்கம், நன்றி, நிலையத்தைப் பாராட்டியது எல்லாம் முதலில் போகும். முக்கியமான பதில் 25-ஆவது நிமிடத்தில் இருந்தாலும் அதை முதல் இரண்டு நிமிடங்களுக்குள் கொண்டுவாருங்கள்.

ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே போதும். மூச்சு இழுக்கும் இடத்துக்குச் சற்று முன் வெட்டுங்கள். மூச்சை எல்லாம் எடுத்துவிட்டால் மனிதர் பேசுவதுபோலவே இருக்காது. இரைச்சல் நீக்கியை அதிகம் போட்டால் தண்ணீருக்குள் பேசுவதுபோல ஆகிவிடும். 6 முதல் 9 டெசிபல் குறைப்போடு நிறுத்துங்கள்.

இதில் தமிழுக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினையும் மறுப்பும் கடைசியில் வரும். “எல்லாருக்கும் பணம் வந்துருச்சுன்னு சொல்ல முடியாது” என்று ஓர் அதிகாரி சொல்கிறார். நேரம் குறைக்க “எல்லாருக்கும் பணம் வந்துருச்சு” என்ற இடத்தில் வெட்டினால், அவர் சொன்னதற்கு நேர் எதிரானது ஒலிபரப்பாகும். வாலை வெட்டுவதென்றால் வாக்கியத்தையே எடுத்துவிடுங்கள். “ஆனா”, “ஒருவேளை”, “விண்ணப்பம் சரியா இருந்தா” போன்ற நிபந்தனைச் சொற்களைத் தொடவே கூடாது. ஒரு கேள்விக்கு வந்த பதிலை இன்னொரு கேள்வியின் கீழே ஒட்டுவது மோசடி. அதை ஒருமுறை செய்து வெளியில் தெரிந்தால் அந்த ஊரில் யாரும் உங்கள் மைக் முன்னால் உட்கார மாட்டார்கள்.

மூலப் பதிவை அழிக்காதீர்கள். ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பாதுகாத்து வைப்பது நிலையத்தின் கடமை. புகார் வந்தால் வெட்டாத பதிவுதான் உங்களுக்குச் சாட்சி.

கேள்வி: புயல் நேரத்தில் என்ன மாதிரி பேட்டி எடுப்பது? போன வருடம் நாங்கள் போட்ட ஒரு பேட்டி மறுநாளும் மறு ஒலிபரப்பாகி, மக்கள் குழம்பிவிட்டார்கள்.
– வாசகர், வேதாரண்யம்

பதில்: குழப்பத்துக்குக் காரணம் ‘இன்று’, ‘நாளை’ என்ற சொற்களாகத்தான் இருக்கும். புயல் காலப் பேட்டியில் இந்த இரண்டும் வேண்டாம். “நவம்பர் 15, வியாழன் இரவு 8 மணிக்குள்” என்று தேதி, கிழமை, மணி மூன்றையும் சொல்லச் சொல்லுங்கள். பேட்டியின் தொடக்கத்திலும் முடிவிலும் எந்த மணிக்குப் பதிவுசெய்தது என்று சொல்லுங்கள். கோப்பின் பெயரிலேயே காலாவதி நேரத்தை எழுதி வையுங்கள். அந்த நேரம் கடந்ததும் ஒலிபரப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும், அதற்கு ஒருவரைப் பொறுப்பாகப் போட வேண்டும்.

வானிலைத் துறையின் சொற்களை அப்படியே படித்தால் புரியாது. கனமழை என்றால் 24 மணிநேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல், மிக கனமழை 115.6-க்கு மேல், அதிகனமழை 204.5 அல்லது அதற்கு மேல். “இந்த அளவு பெஞ்சா நம்ம ஊர்ல எந்தத் தெருவுல தண்ணி நிக்கும்?” என்று வருவாய் ஆய்வாளரையோ வயதில் மூத்தவரையோ கேட்டால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் வரும். எச்சரிக்கையும் படிப்படியாக வரும்: 72 மணிநேரம் முன்பு முன்னறிகுறி, 48 மணிநேரம் முன்பு புயல் உஷார், 24 மணிநேரம் முன்பு புயல் எச்சரிக்கை. ஒவ்வொரு கட்டத்திலும் வேறு வேறு பேட்டி தேவை. முதலில் மீன்வளத் துறை: கடலுக்குப் போனவர்கள் எப்போது கரை திரும்ப வேண்டும், படகை எங்கே கட்டுவது. அடுத்து வட்டாட்சியர் அல்லது கிராம நிர்வாக அலுவலர்: எந்தப் பள்ளி முகாம், சாவி யாரிடம், ஆடு மாடுகளுக்கு இடம் உண்டா. கால்நடைக்கு இடமில்லை என்று தெரிந்தால் பலர் வீட்டை விட்டு வரவே மாட்டார்கள், ஆகவே இந்தக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். பிறகு மின்வாரியம், சுகாதாரத் துறை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா உங்கள் பகுதியில்தான் கரை கடந்தது. புயலின் கண் கடக்கும்போது காற்று சட்டென்று அடங்கும். முடிந்துவிட்டது என்று வெளியே வருபவர்களை எதிர்த்திசையிலிருந்து வரும் காற்று தாக்கும். அதை அனுபவித்தவர்களின் குரல் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. புரட்டாசியிலேயே அவர்களிடம் ஒரு பேட்டி எடுத்து வைத்துவிட்டால் ஐப்பசி, கார்த்திகை முழுவதும் பயன்படும். அதில் காலாவதி ஆவதற்கு எதுவுமில்லை.

இன்னொன்றும் சொல்லிக்கொண்டே இருங்கள்: போனில் எஃப்எம் கேட்க வயருள்ள இயர்போன் செருக வேண்டும், அந்த வயர்தான் ஏரியல். எஃப்எம் சிப் இல்லாத புதிய போன்களில் இது நடக்காது. அப்படிப்பட்ட போன் வைத்திருப்பவர்கள் பேட்டரி போட்ட சிறிய ரேடியோ ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு சிறுமியின் தாயார் தானாகவே பேச முன்வருகிறார். பெயரை மட்டும் மாற்றிப் போடலாமா?
– வாசகி, கடலூர்

பதில்: பெயர் மாற்றம் போதாது. சிறுமியின் அடையாளத்தை வெளிப்படுத்தக் கூடிய எதையும் ஊடகத்தில் சொல்லக் கூடாது என்று போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடுக்கிறது. பள்ளி, குடும்பம், தெரு எல்லாம் இதில் அடங்கும். சில கிலோமீட்டர் சுற்றளவில் மட்டும் கேட்கும் வானொலியில் தாயின் குரலே அடையாளம். அவர் சொல்ல விரும்புவதை நிகழ்ச்சியாக்க வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐச் சொல்லி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். வானொலிக்கு, புகார் எப்படிக் கொடுப்பது, காவல் நிலையத்தில் என்ன உரிமை உண்டு என்று ஒரு வழக்குரைஞரிடம் பொதுவாகப் பேட்டி எடுங்கள்.

கேள்வி: ஒலிபரப்பான பேட்டியில் முதியோர் உதவித்தொகை முகாம் தேதியைத் தவறாகச் சொல்லிவிட்டோம். அடுத்த வாரம் திருத்தினால் போதுமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: அடுத்த வாரம் என்றால் முகாம் முடிந்துவிடும். தவறு தெரிந்த அன்றே, அதே நிகழ்ச்சி நேரத்திலும், மறுநாள் காலை முதல் ஒலிபரப்பிலும் திருத்தம் சொல்லுங்கள். “முகாம் 12-ஆம் தேதி. 21 என்று சொன்னது தவறு” என்று சரியானதை முதலில் வையுங்கள், பாதியில் கேட்பவர் காதில் முதலில் விழுவது சரியான தேதியாக இருக்கட்டும். ஊராட்சி அலுவலகத்துக்கும் ரேஷன் கடைக்கும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து ஒட்டச் சொல்லுங்கள். முகாமுக்கு வர வேண்டியவர்களில் பலர் அன்றாடம் அந்த இரண்டு இடத்துக்கும்தான் போவார்கள்.